சின்னவளுக்கு வந்த செங்காய்ச்சல்

கார்த்திகாவின் மராத்தி நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தது நான்தான்.

புனேவுக்குப் பக்கத்தில் இருக்கிற தளேகாவில் குளிர் தொடங்கியிருந்த மாதம். மாலை ஐந்து மணி இருக்கும். பள்ளியிலிருந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வகுப்பில் எல்லோருக்கும் எடுத்துக்காட்டுகிற கையெழுத்து அவளுடையது. அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இருந்ததை எழுத்து என்றே சொல்ல முடியாது. வரியை விட்டு மேலேயும் கீழேயும் ஓடியிருந்தது. ஓர் எழுத்து பெரிதாக, அடுத்தது கடுகளவு. இரண்டு இடத்தில் பென்சில் முனை தாளைக் குத்திக் கிழித்திருந்தது.

"என்னட்டி இது, கோழி கிண்டுன மாதிரி?"

அவள் வாயை ஒரு பக்கமாகக் கோணினாள். எனக்குப் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தைக் கிழித்தேன். திரும்ப எழுதச் சொன்னேன்.

எழுத ஆரம்பித்தாள். கை திடீரென்று துள்ளியது. பென்சில் தெறித்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. நான் தோளில் ஓர் அடி வைத்தேன்.

"நான் வேணும்னு செய்யலம்மா. கை அதுவா போவுது."

"கை எப்படிட்டி அதுவா போவும்?"

அவள் குனிந்து கட்டிலுக்கடியில் பென்சிலைத் தேடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போய்விட்டேன்.

இந்தத் தொடரில் புனேவுக்கு வந்த கதையையும், மொழி தெரியாமல் சந்தையில் விழித்த கதையையும், முதல் வேலை கிடைத்த கதையையும் எழுதிவிட்டேன். இந்த வாரத்துக்கான கதையை மட்டும் பல வாரங்களாகத் தள்ளிப்போட்டேன். எழுத உட்கார்ந்தால் அந்தப் பென்சில் உருளுகிற சத்தம்தான் முதலில் கேட்கிறது.

உப்புத்தாள்

கதை அந்த மாலைக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் கணவர் சங்கர் தளேகாவ் தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெரியவள் கார்த்திகா அதே பள்ளியில் படித்தாள். சின்னவள் தன்யாவுக்கு அப்போது ஐந்து வயது.

கணபதிக்கு, அதாவது விநாயகர் சதுர்த்திக்கு, முந்தைய வாரம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. தெருமுனையில் பந்தல் போட்டு, பையன்கள் சாயங்காலம் முழுக்க டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். தன்யா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். எச்சில் விழுங்கக்கூட முடியாமல் அழுதாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றினால் கழுத்திலிருந்து வயிறு வரை செக்கச்செவேலென்று இருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, வாயைச் சுற்றி மட்டும் வெளிறிப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு சுனிதா எட்டிப் பார்த்துவிட்டு, "கோவர் ஆஹே" என்றாள். மராத்தியில் தட்டம்மைக்குக் கோவர் என்று பெயர். ஊரிலிருந்து என் நாத்தனார் போனில், "அம்மை போட்டிருக்கு. மருந்து மாத்திரைன்னு எதையும் குடுத்துராத. வேப்பிலையப் பறிச்சுப் பக்கத்துல வை" என்றார்.

வேப்பிலை பறிக்க ஆள் அனுப்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சங்கர் வேலைக்குக் கிளம்பி வந்தார். குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்துத் தடவினார்.

"செல்வி, இங்க வந்து தொட்டுப் பாரு. உப்புத்தாள் மாதிரில்லா இருக்கு."

தொட்டேன். பார்வைக்கு வெறும் சிவப்பு. விரலுக்கு அப்படியே சொரசொரப்பு. பெயின்ட் அடிப்பதற்கு முன் இரும்பைத் தேய்க்கிற தாளைத் தினமும் கையாளுகிறவர் அவர்.

"நூத்தியிருவது நம்பர் தாள் இப்படித்தான் இருக்கும். இது அம்மை இல்ல. சேலைய மாத்து, டாக்டர்ட்ட போவோம்."

அந்த ஒரு தடவல்தான் சின்னவளைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குழந்தை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நிதானமாகப் பார்ப்பார். தன்யாவின் நாக்கை நீட்டச் சொல்லி எங்களையும் பார்க்கச் சொன்னார். நாக்கு சிவந்து, அதில் சிறு சிறு புள்ளிகள் புடைத்திருந்தன. "ஸ்ட்ராபெரி மாதிரி இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். முழங்கை மடிப்பை விரித்துக் காட்டினார். மடிப்பில் மட்டும் அடர் சிவப்பாகக் கோடுகள். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"ஸ்கார்லெட் ஃபீவர்," என்றார்.

ஆங்கிலப் புத்தகங்களில் பனி கொட்டுகிற தேசத்துக் குழந்தைகளுக்கு வருகிற நோய் என்றுதான் அதுவரை எனக்கு அந்தப் பெயர் பழக்கம். தமிழில் செங்காய்ச்சல் என்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தளேகாவில், டோல் சத்தத்துக்கு நடுவில், என் வீட்டுக் கட்டிலில் அது வந்து படுக்கும் என்று நான் எங்கே கண்டேன்?

பத்து நாள் மருந்து

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். இது வைரஸ் இல்லை. தொண்டையில் குடியேறுகிற ஒரு பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். இருமலில், தும்மலில், ஒரே டம்ளரில் குடிப்பதில் பரவும். அந்தக் கிருமிகளில் சில ஒரு விஷத்தைச் சுரக்கும். அந்த விஷத்தால்தான் தோல் சிவக்கிறது. பென்சிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படும். மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகிவிட்டால் அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

"மூன்றாம் நாளே குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பத்து நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்."

எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்.

"வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறதல்லவா? தொண்டை வலி என்று சொன்னால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

அவர் சொன்னபடியே மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தன்யா கட்டிலில் ஏறிக் குதித்தாள். மருந்து பாட்டிலைக் கண்டால் மட்டும் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். சங்கர் மனசு கேட்காமல், "அதான் காய்ச்சல் விட்டுட்டுல்லா, இன்னும் எதுக்குப் புள்ளயப் போட்டுப் படுத்துத?" என்றார்.

"பத்து நாள்னா பத்து நாள்தான்," என்றேன்.

கணக்கு டீச்சர் அல்லவா. காலண்டரில் வேளைக்கு ஒரு கோடு போட்டேன். ஒரு வேளை தவறவில்லை. பத்தாம் நாள் கடைசிக் கோட்டைப் போட்டபோது ஏதோ பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியதுபோல இருந்தது. பள்ளியில் சக ஆசிரியைகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அதே சமயம் தன்யாவின் விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பித்தது. இந்தக் காய்ச்சலுக்கு அப்படித்தான் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கார்த்திகாவுக்கு அது ஒரு வேடிக்கை. பால்கனியில் தங்கையை உட்கார வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள்.

"அம்மா, இவ பாம்பு மாதிரி சட்டை உரிக்கா!"

அந்தப் பத்து நாளும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் தன்யாவின் மேலேயே இருந்தது. கார்த்திகா என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. யூனிட் டெஸ்ட் வினாத்தாள் தயாரிக்கிற வேலை வேறு.

இடம் மாறிய வலி

பிறகு ஒரு இரண்டு மூன்று வாரம் கழிந்திருக்கும். நவராத்திரி தொடங்கப்போகிற சமயம். கார்த்திகா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தாள்.

அவள் பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தாள். அந்த விளையாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குந்தியிருந்து எழுந்து திடீரென்று ஓட வேண்டும், ஓடுகிற வேகத்தில் வளைய வேண்டும். இவள் மின்னல் மாதிரி வளைவாள். விழுந்திருப்பாள் என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மறுநாள் முழங்கால் சரியாகிவிட்டது, கணுக்கால் வலிக்கிறது என்றாள். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு என்றாள். உடம்பும் லேசாகச் சுட்டது.

"நேத்து கால், இன்னைக்குக் கை. நாளைக்கு என்னது, காதா?" என்று கேட்டேன். சங்கர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வளர்கிற வயசு, அப்படித்தான் வலிக்கும் என்று சுனிதாவும் சொன்னாள். கொஞ்ச நாளில் வலி தானாகப் போய்விட்டது. போனதும் நாங்கள் மறந்துவிட்டோம்.

ஈஸ்வரி அத்தை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் அப்பாவின் கடைசித் தங்கை ஈஸ்வரி அத்தை. நான் சின்னவளாக இருந்தபோது திருநெல்வேலி டவுனில் எங்களோடுதான் இருந்தாள். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கும். கீழேயிருந்து யாராவது, "படியில ஒக்காந்து என்னத்த எண்ணுதா, நட்சத்திரத்தையா?" என்பார்கள். சோம்பேறி என்று வீட்டில் பெயர் வாங்கியவள். நானும் அவள்மாதிரி பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி நடித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள்.

கல்யாணமாகி முதல் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார்: "சின்ன வயசுல முட்டெல்லாம் வீங்கி ஒரு மாசம் படுத்துக் கெடந்தா. அதுக்கு முன்னால தொண்டையில புண்ணு. பெறவு நல்லாத்தான் இருந்தா."

அப்பாவின் வாயால் இதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தொண்டை, முட்டு, இருதயம். மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வகுப்பு டீச்சர் சொன்னது

நோட்டைக் கிழித்த அந்த மாலைக்கு மறுநாள் காலையில் கார்த்திகா பால் டம்ளரைத் தூக்கி எறிந்தாள். எறிந்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். வாய்க்குக் கொண்டு போன கை வெட்டி இழுத்தது, டம்ளர் சுவரில் பட்டு உருண்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகை நிற்கவே இல்லை.

மதிய இடைவேளையில் அவளுடைய வகுப்பு டீச்சர் என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தார். என்னைவிட மூத்தவர். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"செல்வி, நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாளாகவே அவள் கையிலிருந்து சாமான் விழுகிறது. காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் அசையாமல் நிற்கும்போது இவள் தோள் குலுங்குகிறது, முகம் கோணுகிறது. பிள்ளைகள் அவளைப் போலவே செய்து காட்டிச் சிரிக்கிறார்கள். இது குறும்பு இல்லை. உடம்பில் ஏதோ இருக்கிறது. இன்றைக்கே டாக்டரிடம் காட்டு."

பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்றதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அன்று மதியமே லீவு சொல்லிவிட்டுக் கார்த்திகாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

அதே டாக்டர், அதே அறை. கார்த்திகாவை நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாள். நாக்கு அடுத்த நொடியே உள்ளே போய்விட்டது. மறுபடி நீட்டச் சொன்னார், மறுபடியும் போனது. தன் இரண்டு விரலைக் கொடுத்து, "இதை விடாமல் இறுக்கிப் பிடி" என்றார். அவள் பிடித்தாள். பிடி இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, மாட்டில் பால் கறப்பதுபோல இருந்தது.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். வைத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லிக் கேட்டார். உட்கார வைத்துக் கேட்டார். மூச்சை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவில் மூட்டு வலி வந்ததா?"

வந்தது என்றேன். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று வரிசையாகச் சொன்னேன்.

"உங்கள் சின்ன மகளுக்கு ஸ்கார்லெட் ஃபீவர் வந்தபோது, இவளுக்குத் தொண்டை வலி இருந்ததா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தன்யாவுக்கு மருந்து தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். கார்த்திகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்குக் கலா வலிக்கு."

இந்தியில் தொண்டைக்குக் கலா. வீட்டிலாவது பிள்ளைகள் ஒழுங்காகத் தமிழ் பேச வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு.

"கலா இல்லட்டி, தொண்டை. தொண்டை வலிக்குன்னு சொல்லு."

"தொண்டை வலிக்கு."

"ஆங். உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளி."

அவ்வளவுதான். கொப்புளித்தாள். அடுத்த நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேலெல்லாம் சிவக்கவில்லை, காய்ச்சல் இருந்ததா என்று தொட்டுப் பார்க்கவும் இல்லை. அவள் வார்த்தையைத் திருத்தினேன். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்கவில்லை.

"இருந்தது," என்றேன் டாக்டரிடம்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மெதுவாகக் குனிந்து கடிதம் எழுத ஆரம்பித்தார், புனே நகரத்தில் இருக்கும் இருதய டாக்டருக்கு.

ஒரே கிருமி

மறுநாள் காலை லோக்கல் ரயிலில் நாங்கள் மூவரும் புனேவுக்குப் போனோம். தன்யாவை சுனிதா பார்த்துக்கொண்டாள். கார்த்திகாவின் கால்கள் இருக்கையில் சும்மா இருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவர் முறைத்தபோது சங்கர் தன் கையை அவள் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். சின்னவளின் முதுகில் வைத்தாரே, அதே கை. ஸ்டேஷன் வரும் வரை எடுக்கவில்லை.

எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்தின் இடது பக்க வால்வு ஒன்று சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்றார்கள். நோய்க்குப் பெயர் ருமாட்டிக் ஃபீவர். கை கால் துள்ளுவதும், முகம் கோணுவதும், காரணமில்லாமல் அழுவதும் அதே நோய் மூளையைத் தொட்டதன் விளைவு.

இருதய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன். என்னைப்போல யாராவது ஒருத்தி படித்தால் போதும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது பெரும்பாலும் ஒரே கிருமியாக இருக்கும். அதன் விஷம் தோலைச் சிவக்க வைத்தால் செங்காய்ச்சல். பிள்ளைக்கு அந்த விஷத்தை எதிர்க்கிற சக்தி முன்பே இருந்தால் சிவப்பு வராது, வெறும் தொண்டை வலியாகவே வந்து போய்விடும். சிவப்பு இல்லை என்பதால் கிருமி சாது என்று அர்த்தமில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற படை, சில பிள்ளைகளுக்கு, தொண்டை ஆறிய பிறகு ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையும் இருதயத்தையும் தாக்குகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு; முகம் வீங்கும், சிறுநீர் கறுத்துப் போகும். தொண்டை வலி வந்த சில நாட்களுக்குள் சரியான மருந்து தொடங்கி, சொன்ன நாள் வரை கொடுத்துவிட்டால் இருதயத்துக்கு வருகிற ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்தப் பத்து நாள் மருந்து காய்ச்சலுக்கு மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

எல்லாத் தொண்டை வலிக்கும் இந்த மருந்து தேவையில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். சாதாரண சளியோடு வருகிற வலிக்கு இது வேலை செய்யாது. எது எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். காட்ட வேண்டியது மட்டும் நம் வேலை.

வெளியே வந்ததும் சங்கர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். "நாம பாக்கலயே செல்வி," என்றார்.

நாம என்றார். அவர் காலையில் போய் இருட்டித் திரும்புகிறவர். கார்த்திகா தொண்டை வலி என்று சொன்னது என்னிடம். நீ பார்க்கவில்லையே என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கார்த்திகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், அவளுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னைக்கு உன்னய அடிச்சேம்லா, அது என் தப்புட்டி. நோட்டக் கிழிச்சதும் தப்பு."

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கண் இமை துடித்தது.

"கை அதுவா போவுதுன்னு நான் சொன்னது நெசம். இப்பமாவது நம்புதியாம்மா?"

நம்புகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டருக்கு ஆட்டிய அதே தலையாட்டல்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை

கை துள்ளுவது சில மாதங்களில் மெல்ல மெல்ல அடங்கியது. எழுத்து பழையபடி ஆனது. பள்ளியில் பிள்ளைகளும் மறந்துவிட்டார்கள். வால்வு மட்டும் பழையபடி ஆகவில்லை. கசிவு கூடவில்லை என்பதுதான் ஒவ்வொரு முறையும் எக்கோவுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைக்கிற நல்ல செய்தி. என்றாவது ஆபரேஷன் தேவைப்படலாம், படாமலும் போகலாம் என்கிறார்கள்.

அந்தக் கிருமி இன்னொரு முறை தொண்டைக்கு வந்தால் வால்வு இன்னும் கெடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போடுகிற ஊசி. மருந்து கெட்டியானது, இறங்க நேரம் ஆகும், போட்ட காலை இரண்டு நாளைக்கு ஊன்ற முடியாது. இருபது வயது தாண்டும் வரைக்குமாவது போட வேண்டும். அதற்கு மேலும் வேண்டியிருக்கலாம்.

முதல் வருஷமெல்லாம் நானும் சங்கரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். கிளினிக் படியில் கால் வைக்கும்போதே கத்த ஆரம்பிப்பாள். "அம்மா வேண்டாம்மா, இனிமே ஒழுங்கா எழுதுதேம்மா" என்று ஒருமுறை கத்தினாள். அந்தச் சின்ன வயதில் அவள் மனதில் இரண்டும் அப்படிச் சேர்ந்துபோயிருந்தன. நான் அடித்ததும் இந்த ஊசியும் ஒரே தண்டனையாக.

கோ-கோ ஆட வேண்டாம் என்று ஆரம்பத்தில் டாக்டர் நிறுத்தினார். பின்னால் கொஞ்சம் விளையாடலாம் என்றபோது அவளே போகவில்லை. போட்டி நடக்கும்போது மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, விசில் ஊதுகிற ஆசிரியர் பக்கத்தில் புள்ளி எழுதுவாள். ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அவள் உடம்பு, ஓடுகிற பெண்ணோடு சேர்ந்து வளைந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. சின்னவளுக்குப் பத்து வயதாகிறது.

சென்ற மாதம் ஊசிக்குப் போனபோது தன்யாவும் எங்களோடு வந்திருந்தாள். முன்னறையில் காத்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் அக்காவின் மருத்துவ ஃபைலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். வெகுநேரம் அடுத்த பக்கம் போகவில்லை.

"அம்மா, இங்க எழுதியிருக்கு. தங்கச்சிக்கு ஸ்கார்லெட் ஃபீவர்னு. அது நான்தான?"

"ஆமா."

"அப்பம் என்கிட்டேருந்துதான் அக்காவுக்கு வந்துச்சா?"

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. தன்யாவின் உதடு நடுங்க ஆரம்பித்தது.

கார்த்திகா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"யாருட்டி சொன்னா? ரெண்டு பேரும் ஒரே பாட்டில்லதான தண்ணி குடிச்சோம். ஸ்கூல் பஸ்ல பாதிப் பேர் இருமிட்டே வந்தாங்க. யார்ட்டேருந்து யாருக்குன்னு அந்த டாக்டருக்கே தெரியாது."

"நெசமாவா? என் மேல கோவம் இல்லையா?"

"உன் மேல எனக்கு எதுக்குட்டி கோவம்?"

சொல்லிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பினாள். 'உன் மேல' என்று சொன்னபோது அவள் குரலில் ஏதாவது அழுத்தம் இருந்ததா? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் கேட்கிற தைரியம் இல்லை.

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். வழக்கம்போல நானும் எழுந்தேன்.

"நீ இங்கனயே இரும்மா," என்றாள் கார்த்திகா. "நான் போயிக்கிடுவேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைப் பார்த்தபடி நின்றேன். எத்தனையோ முறை அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் அவளைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. மருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள். இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"போலாமா?"

தன்யா எழுந்து அக்காவின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று இறங்கினார்கள். நான் பின்னால் இறங்கினேன்.